சம்பளச் சிட்டையில் தொடங்கும் தொழில்

வர்த்தகப் பிரிவில் படிக்கும் தங்கைமார் சிலரிடம் "என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று கேட்டால், "எச்.ஆர்." என்று உடனே பதில் வருகிறது. மனிதவள முகாமைத்துவம். ஏன் அந்தத் துறை என்று கேட்டால், "ஆட்களோடு பழகுவது எனக்கு விருப்பம்" என்கிறார்கள். நேர்முகப் பரீட்சையில் இந்தப் பதிலைச் சொல்லாதீர்கள். பழகப் பிடித்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு எத்தனை நாள் லீவு மிச்சம் இருக்கிறது என்று பிழையில்லாமல் சொல்லக்கூடியவர்கள்தாம் குறைவு.

உம்மாமார் கேட்பது வேறு கேள்வி: "அந்த வேலை பொம்புளைப் புள்ளைக்குச் சரிவருமா?" இந்தத் தொழிலின் தொடக்கத்தில் நின்றவர்களே பெண்கள்தாம். இங்கிலாந்தின் யோர்க் நகரில் ரவுன்ட்றீ என்ற சொக்கலேட் தொழிற்சாலை, 1896இல் மேரி வுட் என்ற பெண்ணை நலன்புரி அலுவலராக நியமித்தது. வேலைக்கு வரும் பெண்பிள்ளைகளின் சுகநலத்தைக் கவனிப்பது அவருடைய பொறுப்பு. இத்தகைய அலுவலர்கள் 1913இல் அதே நகரில் கூடி ஒரு சங்கம் அமைத்தபோது, அதில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் பெருமளவில் நுழைந்தது அதற்குப் பிறகு. இலங்கையில் இத்துறைக்கான நிறுவனம் 1959இல் உருவாகி, 1976ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. இன்று அது பட்டய ஆளணி முகாமைத்துவ நிறுவனம், சுருக்கமாக சி.ஐ.பி.எம்.

இனிப் பாடத்துக்கு வருவோம். கல்முனையில் ஒரு புடைவைக் கடை. அங்கே ஒரு சகோதரிக்கு மாதச் சம்பளம் 50,000 ரூபா. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி அவருடைய சம்பளத்தில் 8 சதவீதம், அதாவது 4,000 ரூபா கழிக்கப்படும். கையில் கிடைப்பது 46,000. முதலாளி தன் பங்காக 12 சதவீதம், 6,000 ரூபா சேர்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டப்படி இன்னும் 3 சதவீதம், 1,500 ரூபாவும் முதலாளியுடையதே. அதை ஊழியரின் சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

இப்போது முதலாளி, "மகள், வெட்டாமக் கொத்தாமக் கையில 50,000 தாறன், ஈ.பி.எப். என்னத்துக்கு?" என்கிறார் என்று வையுங்கள். சகோதரிக்கும் சந்தோசம், மாதம் 4,000 கூடக் கிடைக்கிறதே. ஆனால் அந்த 4,000 முதலில் இருந்தே அவருடைய காசுதான். முதலாளியிடமிருந்து வரவேண்டிய 7,500தான் வராமல் போகிறது. வருடத்துக்கு 90,000. ஐந்து வருடத்தில் 450,000, அதுவும் வட்டியைச் சேர்க்காமல். சேமலாப நிதிக்கு "சின்னக் கடை, ரெண்டு பேர்தானே" என்ற கதை எடுபடாது. குடும்பத்துக்கு வெளியே ஒரே ஒருவர் வேலை செய்தாலும், தற்காலிகமானாலும், முதல் நாளிலிருந்தே அவருக்கு இது உரியது. மருதமுனையில் ஒரு முதலாளியின் கொட்டகையில், நெய்யும் அளவுக்குக் கூலி வாங்கி வேலை செய்பவருக்கும் அப்படித்தான். சொந்தத் தறியில் நெய்து தானே விற்பவர் ஊழியர் அல்லர். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வதில்தான் இத்துறையின் பாதிப் புத்திசாலித்தனம் இருக்கிறது.

பணிக்கொடை இன்னொரு கணக்கு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் நிறைந்தவர் விலகினால், ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். நம் சகோதரியின் கடை அவ்வளவு பெரியதாக இருந்து, அவர் ஆறு வருடம் இருந்தால், 25,000ஐ ஆறால் பெருக்குங்கள்: 150,000. தானாக விலகினாலும் கொடுக்க வேண்டும். கலியாணத்தோடு வேலையை விடும் எத்தனை பிள்ளைகள் இதைக் கேட்காமலே போகிறார்கள்!

லீவுக் கணக்கில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வருடாந்த லீவு 14 நாள், அமய லீவு 7 நாள். ஆனால் முதல் வருடத்தில் எந்த மாதம் சேர்ந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் 14 நாள், யூன் முடிவதற்குள் என்றால் 10, செப்டெம்பருக்குள் என்றால் 7, அதற்குப் பிறகு 4. அமய லீவோ முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. பிரசவ லீவு 84 நாள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மூன்றாவது பிள்ளைக்கும் அதே 84.

இந்த எண்கள் எல்லாம் ஒரு பக்கம். ஊரில் இந்த வேலையைச் செய்வதில் உள்ள கஷ்டம் மறுபக்கம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் யார்தான் யாருக்குச் சொந்தமில்லை? ஒரு பெண் தான் கர்ப்பமாக இருப்பதை மாமியாருக்குச் சொல்லுமுன் லீவு கேட்டு உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஒருவருடைய சம்பளம், கடன், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் உங்கள் கோவையில் இருக்கும். அன்று பின்னேரம் கலியாண வீட்டில் அவருடைய சாச்சி உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவார். அங்கே வாயைத் திறக்காமல் இருக்க முடியாவிட்டால் இந்தத் தொழிலுக்கு வரவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

படிக்கும் வழிகள் தூரத்தில் இல்லை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு வருடம் முழுப் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ வர்த்தக பீடம் இருக்கிறது. மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாகப் படிக்க விரும்புவோர் ஸ்ரீ ஜயவர்தனபுர, களனிப் பல்கலைக்கழகங்களையும் பார்க்கலாம். இசட் புள்ளி தவறியவர்கள் சி.ஐ.பி.எம்.இன் சான்றிதழ்ப் படிப்பிலிருந்து படிப்படியாக மேலே போகலாம்.

ஆனால் படிப்பு முடிந்ததும் "மனிதவள நிறைவேற்றாளர்" என்ற பெயர்ப்பலகை யாருக்கும் காத்திருப்பதில்லை. முதல் வேலை பெரும்பாலும் வரவேற்பாளர், நிருவாக உதவியாளர், சம்பளப் பட்டியல் எழுதுபவர் என்று ஏதோ ஒரு பெயரில் வரும். பெற்றோர் இதைக் கண்டு மனம் சோர வேண்டாம். வரவுப் பதிவேடு யாருடைய கையில் இருக்கிறதோ அவரிடம்தான் நாளைக்கு ஆட்சேர்ப்புக் கோவையும் வரும். எக்செல் தெரியாமல் போகாதீர்கள். ஆங்கிலத்தில் ஒரு கடிதமாவது பிழையில்லாமல் எழுதப் பழகுங்கள். சிங்களம் பேச வந்தால் நீங்கள் இன்னும் ஒரு படி மேலே. தமிழும் இங்கே சும்மா அல்ல. ஆங்கில நியமனக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையொப்பம் வைப்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அதை வரிவரியாகத் தமிழில் விளக்கக்கூடிய ஒருவர், கிழக்கில் கிளை வைத்திருக்கும் எந்த நிறுவனத்துக்கும் தேவைப்படுவார்.

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில்தானே இருக்கப் போகிறீர்கள்? வாப்பாவுக்கோ மாமாவுக்கோ கடை இருந்தால் அங்கே வேலை செய்பவர்களுக்கு ஒரு கோவை திறவுங்கள். சேர்ந்த திகதி, பதவி, சம்பளம், வேலை நேரம், எடுத்த லீவு. றமழானில் வேலை நேரம் எப்படி மாறுகிறது, ஜும்ஆவுக்கு யார் எப்போது போகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். மாத முடிவில் மேலே சொன்ன 8, 12, 3 கணக்கைப் போட்டு மாமாவிடம் காட்டுங்கள். அவர் முகம் கொஞ்சம் சுருங்கலாம். அப்போது கோபப்படாமல், பயப்படவும் செய்யாமல், சட்டம் என்ன சொல்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்லிப் பாருங்கள். அலுவலகத்தில் ஒவ்வொரு மாதமும் நீங்கள் செய்யப்போகும் வேலை அதுதான்.