கடைச்சரக்கில் ஒரு மீக்கணினி

அன்புள்ள தம்பிக்கு,

கீழ ராஜ வீதியில் விற்கிற கணினிகளைப் பிணைத்தே மீக்கணினி செய்யலாம் என்றால் அது நாட்டுக்கு ஆபத்தில்லையா என்று கேட்டிருந்தாய். பழைய அச்சம்தான் இது. ஒரு காலத்தில் நம்மைப் பார்த்தே எழுந்தது. அணு ஆயுத வேலைக்குத் திருப்பிவிடுவோமோ என்ற சந்தேகத்தில், 1980களின் பிற்பகுதியில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் கேட்ட க்ரே மீக்கணினியை அமெரிக்கா தர மறுத்தது. நாமே செய்துகொள்ள, 1988-ல் புணேயில் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு மையம் தொடங்கியது. வெளிச்சந்தையில் வாங்கிய டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளைக் கோத்து 1991-லேயே பரம் 8000-ஐ உருவாக்கிக் காட்டினார்கள். 1994-ல் நாசாவில் 16 சாதாரணக் கணினிகளை ஈதர்நெட்டில் இணைத்து ‘பேவுல்ஃப்’ பிறந்த பிறகு, தடை போட்டு என்ன பயன்? 2004-ல் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 144 கணினிகளைக் கூட்டி அமைத்த ‘கப்ரு’ உலகின் முதல் 500 மீக்கணினிகளுள் ஒன்றானது. குவார்க்குகளின் பிணைப்பைக் கணக்கிடத்தான் அதைக் கட்டினார்கள்.

அணு ஆயுத அச்சத்துக்கு வருவோம். 1945-ல் அணுகுண்டு செய்தவர்களிடம் துளையட்டை இயந்திரங்களும் கைக்கணக்கும்தான் இருந்தன. குண்டுக்கு அரிய பொருள் செறிவூட்டிய யுரேனியம், அல்லது புளுட்டோனியம். காவல் அங்கே வேண்டும். ரகசியக் குறியீடுகளை உடைத்துவிடுவார்களே என்பாய். நியாயமான கேள்வி. 1998-ல் அமெரிக்காவில் இரண்டரை லட்சம் டாலருக்குள் செய்த தனி இயந்திரம் ஒன்று ‘டெஸ்’ என்ற 56 பிட் குறியாக்கப் பூட்டை மூன்று நாளுக்குள் திறந்துவிட்டது. ஆனால் சாவியில் ஒரு பிட் கூடினால் திறப்பவனின் வேலை இரட்டிப்பாகும். 128 பிட்டுக்குப் போய்விட்டால், கடையிலுள்ள கணினி அத்தனையையும் அள்ளிவந்தாலும் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்து முடிக்க முடியாது. விற்பனையைத் தடுப்பதைவிடச் சாவியை நீட்டுவது மலிவு. செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளின் கதை மட்டும் சற்று வேறு. உயர்தரச் சில்லுகளை வார்க்கும் ஆலைகள் உலகில் மிகச் சில என்பதால், சீனாவுக்கு எதிராக 2022 அக்டோபரில் அமெரிக்கா போட்ட தடைக்கு ஓரளவு பிடி உண்டு. அதுவும் தாமதப்படுத்துமே தவிர நிறுத்திவிடும் என்று நான் நம்பவில்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். இத்தகைய கணினிக் கூட்டத்தில் ஒவ்வொன்றும் மற்றதை நம்பும். ஒன்றில் நுழைந்தவன் எல்லாவற்றிலும் நுழைவான். 2020 மே மாதம் எடின்பரோவின் ஆர்ச்சரும் ஜெர்மனியின் பல மீக்கணினிகளும் மூடப்பட்டன. திருடிய நுழைவுச் சான்றுகளோடு யாரோ உள்ளே புகுந்திருந்தார்கள். உங்கள் கல்லூரியில் பத்துக் கணினியை இணைப்பதானால், உள்வலையை இணையத்திலிருந்து பிரித்து வை. படிப்பு முடித்துப் போகிறவர்களின் கணக்கை அன்றே நீக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்