ஒரு டொலருக்கு இரண்டு விலை

சமர்கந்து, புகாரா என்ற நகரங்களின் பெயரால் நாம் அறிந்த உஸ்பெகிஸ்தான், 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து சந்தைப் பொருளாதாரத்தை நோக்கி மெதுவாக மாறத் தொடங்கிய நாடு. அதன் நாணயம் சோம். 1996இன் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி குறையவே, டொலர் விற்பனையை அரசு கட்டுப்படுத்தியது. அதிலிருந்து அரசின் மலிவான உத்தியோகபூர்வ வீதம் ஒன்று, கடைத்தெருவில் கறுப்புச் சந்தை வீதம் வேறொன்று என்றானது. புதிய கைத்தொழில்களுக்கு இயந்திரங்களை மலிவாக இறக்குவதே அரசின் நோக்கம்.

இதனால் யார் நலமடைந்தார்? 2017 செப்டெம்பர் 5ஆம் திகதி வீதங்கள் ஒன்றாக்கப்பட்டபோது, ஏறக்குறைய 4,200 சோமாக இருந்த டொலர் 8,100 ஆனது. இவ்விரு எண்களைக் கொண்டே கணக்குப் பார்ப்போம். 100 டொலரைப் பழைய வீதத்தில் ஒப்படைத்த ஏற்றுமதியாளருக்குக் கிடைத்தது 420,000 சோம். உண்மைப் பெறுமதியோ 810,000. மீதி 390,000 சோம், அதே டொலரை மலிவாக வாங்க அனுமதி பெற்ற இறக்குமதியாளரிடம் போனது. வரவுசெலவுத் திட்டத்தில் எங்கும் எழுதப்படாத வரி இது.

வரியின் பெரும்பாரம் பருத்தி விவசாயியின் தலையில் விழுந்தது. பருத்தியை வாங்கியது அரசு. விலையைக் குறித்ததும் அரசு. ஆதாயமில்லாப் பயிரை யார் விரும்பிச் செய்வார்? ஆகவே விலை செய்ய வேண்டிய வேலையைக் கட்டாயம் செய்தது. எவ்வளவு நிலத்தில் பருத்தி என்பதை அரசே விதித்தது. அறுவடைக் காலத்தில் மாணவரும் ஆசிரியரும்கூட வயலுக்கு அனுப்பப்பட்டனர்.

மலிவு டொலரில் வந்த சாமான் கடையில் மலிவாக விற்கப்பட்டதா? பெரும்பாலும் இல்லை. கறுப்புச் சந்தை டொலரில் இறக்கியவர் என்ன விலை சொன்னாரோ, அனுமதி பெற்றவரும் அதையே சொல்லலாம். இடைவெளி அவரது சட்டைப்பையில் தங்கியது.

ஒருவர் இழந்ததை மற்றவர் பெற்றால் நாட்டுக்கு நட்டமில்லையே என்று மாணவியர் கேட்கலாம். அனுமதிக்காக அலுவலக வாசல்களில் செலவான காலமும், பயனில்லை என்று கைவிடப்பட்ட ஏற்றுமதிகளும் எவர் கைக்கும் போகவில்லை. அவையே நிகர இழப்பு.

சீர்திருத்தமும் இலவசமாக வரவில்லை. டொலரில் கடன் வாங்கியிருந்த நிறுவனங்களின் கடன், சோம் கணக்கில் ஒரே நாளில் ஏறக்குறைய இருமடங்கானது.