கோப்பையும் ஆய்வுகூடமும்

கேள்வி: சீனி வருத்தத்துக்குக் கோத்தல ஹிம்புட்டுக் கொடி நல்லதென்று முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அதையே பல்கலைக்கழகங்கள் மறுபடி ஆராய்வது வீண்வேலை இல்லையா?
- ஒரு வாசகர், கம்பளை

பதில்: முன்னோர் சொன்னது சரிதான், ஆனால் பாதிதான். அந்தக் கொடியின் கட்டையில் கடைந்த கோப்பையில் இரவு ஊற்றிவைத்த தண்ணீர் காலையில் செம்பழுப்பாகியிருக்கும். அந்த நிறத்தை வைத்து மருந்து எவ்வளவு இறங்கியது என்று யாரால் சொல்ல முடியும்? புதுக் கோப்பையும் மாதக்கணக்கில் ஊறிய கோப்பையும் ஒரே அளவைத் தருமா? 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் கொடியிலிருந்து சலசினோல் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். கந்தக அணுக்களைக் கொண்ட, சர்க்கரையைப் போன்ற மூலக்கூறு அது. சிறுகுடலில் மாச்சத்தைக் குளுக்கோசாக வெட்டும் நொதியில் போய் அமர்ந்து அதன் வேலையைத் தாமதப்படுத்துகிறது. அகார்போஸ் மாத்திரை செய்வதும் இதையேதான். பின்னர் கனடாவில் இரசாயனவியலாளர் மரியோ பின்டோவின் குழு சலசினோலைச் செடியே இல்லாமல் ஆய்வுகூடத்தில் உருவாக்கியது. மெல்ல வளரும் கொடியைக் காட்டில் வெட்டித் தீர்க்காமலிருக்க அது ஒரு வழி.

செடி நம்முடையது, கண்டுபிடிப்பு மட்டும் அந்நியருடையதா என்று கேட்பீர்கள். நியாயமான மனக்குறை. ஆனால் அது ஆய்வு கூடாது என்பதற்கான வாதமல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் துறைக்கும் ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்கும் கருவியும் பணமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதற்கான வாதம். இயற்கையானது தீங்கு செய்யாது என்ற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். வேலை செய்கிற எதற்கும் அளவு உண்டு. ஏற்கெனவே நீரிழிவு மாத்திரை எடுப்பவர் இதையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். வைத்தியரிடம் கோப்பையைப் பற்றியும் சொல்லுங்கள்.