சன்ஸ்கிரீன் கொள்முதலில் கவனிக்க வேண்டியவை
(பவளப்பாறைக்குக் கேடு செய்யாத சரக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?)

முன்பெல்லாம் கோடைக்காலச் சரக்கு என்றால் நன்னாரி சர்பத், வேர்க்குரு பவுடர், பனையோலை விசிறி என்று முடிந்துவிடும். இன்று நமது சின்ன காஞ்சிபுரத்தில் சந்துக்கடைகளில்கூட சன்ஸ்கிரீன் ட்யூபும் பாக்கெட்டும் தொங்குகின்றன. இது அழகுசாதனப் பொருள் என்ற கணக்கில் வருவதால், மருந்துக்கடை உரிமம் இல்லாமலே மளிகைக்கடையில் விற்கிறோம். வரதர் உற்சவத்தில் வெயிலில் நிற்பவர்களும் கேட்கிறார்கள். மே மாத விடுமுறையில் இராமேஸ்வரம், அந்தமான், தாய்லாந்து என்று புறப்படுகிறவர்களும் கேட்கிறார்கள். முதல் வகையினருக்கு எதைக் கொடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. கடலில் இறங்கப் போகிறவர்களுக்கு எதைக் கொடுப்பது என்பதை மட்டும் நாம் கொஞ்சம் யோசித்தாக வேண்டும். தோலில் பூசியதில் ஒரு பகுதி குளிக்கும்போது கடல்நீரில் போய்ச் சேருகிறது.

பவளப்பாறை என்று பெயர் இருந்தாலும், அது சிறுசிறு கடற்பிராணிகள் சுண்ணாம்பால் கட்டிக்கொண்ட கூடு. அப்பிராணிகளின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கிறது. பவளத்துக்கு நிறமும் பெரும்பாலும் அதனால்தான். தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றி இத்தகைய பாறைகள் இருக்கின்றன. 1986இல் இப்பகுதி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மீன் குஞ்சுகள் ஒதுங்கி வளர்வது அந்தப் பாறை இடுக்குகளில். நாம் சிப்பம் சிப்பமாக இறக்கும் கருவாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாரும் எண்ண வேண்டாம்.

இந்தப் பாறைகளை நம் வியாபாரம் ஏற்கெனவே ஒருமுறை பதம் பார்த்திருக்கிறது. பல்லாண்டுக் காலம் பவளக் கல்லைப் படகு படகாக வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் அனுப்பினார்கள். வாங்க ஆள் இருந்ததால் வெட்டினார்கள், வேறு காரணம் இல்லை. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வெட்டுவது அடங்கியது. அதற்குள் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன.

இப்போது பெரிய எதிரி கடலின் சூடு. நீர் வாரக்கணக்கில் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளம் தன் உடலில் உள்ள பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகிறது. சூடு தணியாவிட்டால் செத்துப் போகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு பெருமளவில் வெளுத்தது. சன்ஸ்கிரீன்தான் பவளத்தை அழிக்கிறது என்று சிலர் பேசுவது மிகை. சூட்டோடு ஒப்பிட்டால் இது சிறு காரணம். ஆனால் குளிப்பவர் கூட்டம் நெருக்கியடிக்கும் சிறு கடற்கரைகளில் இது சிறிதல்ல.

ஆராய்ச்சியாளர்கள் முக்கியமாகக் குறை சொல்லும் சரக்கு ஆக்ஸிபென்சோன். இது பவளக் குஞ்சுகளை உருக்குலைக்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனையை ஆதாரமாக்கி 2016இல் எழுதினார்கள். 2022இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இதன் வழியைக் கண்டுபிடித்தார்கள். நம் தோலில் வெயிலைத் தடுக்கும் இந்தப் பொருளை, கடற்சாமந்தியும் பவளமும் தம் உடலுக்குள் வேறொன்றாக மாற்றுகின்றன. மாறிய பொருள் வெயில் பட்டதும் நஞ்சாகிறது. உள்ளே பாசி இருந்தால் அந்த நஞ்சில் ஒரு பகுதியை அது தன்னிடம் அடக்கி வைத்துக்கொள்கிறது. வெளுத்துப்போன பவளத்தில் பாசி ஏது? சூட்டில் நலிந்ததற்கே இந்த நஞ்சும் அதிகமாக உறைக்கிறது.

இதையொட்டிச் சில நாடுகள் சட்டமே போட்டுவிட்டன. அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 2021 ஜனவரி 1 முதல் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டில் எது கலந்திருந்தாலும் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. பலாவ் என்ற தீவு நாடு அதற்கு ஓராண்டு முன்பே 10 பொருள்களைத் தடுத்துவிட்டது. நம் வாடிக்கையாளர்கள் அதிகம் போகிற தாய்லாந்தில், தேசியப் பூங்காவாக உள்ள கடற்கரைகளில் 2021 ஆகஸ்டு முதல் தடை. மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம். நம் நாட்டில் இப்படித் தடை இல்லை. இருந்தாலும் நம் கடையில் வாங்கிய ட்யூபோடு போய் ஒருவர் அங்கே மாட்டிக்கொண்டால், திரும்பி வந்து நம்மிடம்தானே கேட்பார்?

ட்யூபின் முன்பக்கத்தைப் பார்த்துச் சரக்கெடுக்க வேண்டாம். ‘ரீஃப் சேஃப்’, ‘ஓஷன் ஃப்ரெண்ட்லி’ என்ற சொற்களுக்குச் சட்டத்தில் இலக்கணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நம் கிடங்குக்கு வந்த ஒரு பிரதிநிதி இத்தகைய ட்யூபைக் காட்டி டஜனுக்கு ஒன்று இலவசம் என்றார். பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் நான்காவது பெயரே ஆக்ஸிபென்சோன்! அவருக்கே அது தெரியாது, பாவம்.

பின்பக்கத்துப் பட்டியலில் ஒரு பொருளே இரண்டு பெயரில் வரும் என்பதை அறியவும். ஆக்ஸிபென்சோன் என்பதும் பென்சோஃபீனோன்-3 என்பதும் ஒன்றே. ஆக்டினாக்சேட் என்பதை எதில்ஹெக்சைல் மெதாக்ஸிசின்னமேட் என்று நீட்டி எழுதியிருப்பார்கள். இவ்விரண்டும் இல்லாததைக் கேளுங்கள். ஆக்டோகிரிலீனும் இல்லாதிருந்தால் இன்னும் நல்லது. பலாவ் தடுத்த பத்தில் அதுவும் ஒன்று. ஒரு சதவிகிதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவு இறங்கும் வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. ஆனால் 30 கிராமுக்குக் குறைந்த களிம்புக்கும் 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் இந்தப் பட்டியல் கட்டாயமில்லை. ஆகவே தொங்கும் சின்னப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாமல் போகலாம். கடலுக்குப் போகிறவருக்கு அதை எடுத்துக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

பதிலாக எதைக் கொடுப்பது? ஜிங்க் ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு மட்டுமே வெயில் தடுக்கும் பொருளாக உள்ள களிம்பு. ஜிங்க் ஆக்ஸைடு நமக்குப் புதிதல்ல. காலமைன் லோஷனிலும், குழந்தைகளின் அரையிடுக்குப் புண்ணுக்குப் பூசும் க்ரீமிலும் இருப்பது அதுதான். இதிலும் ‘நானோ’ என்று மிகப் பொடியாக அரைத்த ரகம் பவளத்துக்கு ஆகாது என்று சில சோதனைகள் காட்டுவதால் ‘நான்-நானோ’ என்று போட்டதாகப் பார்த்து எடுக்கலாம். எஸ்.பி.எஃப். எண்ணில் மயங்க வேண்டாம். முப்பது என்றால் தோலைச் சுடும் கதிரில் சுமார் 97 சதவிகிதம் தடுக்கும். ஐம்பது என்றால் சுமார் 98. அந்த ஒரு சதவிகிதத்துக்காக வாடிக்கையாளர் அதிக விலை கொடுப்பது அவர் இஷ்டம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவோம்.

எல்லாவற்றையும்விடச் சிக்கனமானது முழுக்கைச் சட்டையும் தொப்பியும்தான். துணி மூடிய இடத்துக்குக் களிம்பு தேவையில்லை. முகம், கழுத்து, புறங்கைக்குப் போதும். இதைச் சொன்னால் ட்யூப் விற்பனை குறையும் என்று ஒரு சங்க நண்பர் நம்மிடம் கோபித்துக்கொண்டார். ஜவுளிக்கடை நண்பர்கள் கோபிக்க மாட்டார்கள்!

கடைசியாக ஒன்று. ஜிங்க் களிம்பு பூசினால் மாநிறத்துத் தோலில் சாம்பல் பூசியது போல் வெள்ளையாகத் தெரியும். இதை முன்பே சொல்லாவிட்டால் மறுநாளே ட்யூப் திரும்பி வரும், திறந்த ட்யூபைக் கம்பெனி எடுத்துக்கொள்ளாது. விலையும் மற்றதைவிடச் சற்றுக் கூடுதல். முதல் முறை அரை டஜன் எடுத்துப் பார்ப்பது போதும். பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன் பங்குனியிலேயே சொல்லி வைத்தால் சரக்கு வந்து சேரும்.