கனம் கூட்டினால் அதிர்வு அடங்குமா?

மாடியில் ஜெனரேட்டரை ஏற்றியதும் தளம் அதிர்கிறது. உடனே ஒருவர் வந்துவிடுவார்: “மேலே இன்னும் நாலு அங்குலம் காங்கிரீட் போடுங்க சார், அடங்கிடும்.” கொத்தனார் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். பட்டம் வாங்கிய பொறியாளர்களும் இதையே சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தட்டிவிட்டால் ஒரு தளம் நொடிக்கு எத்தனை முறை ஆடுமோ, அதுதான் அதன் இயல்பு அதிர்வெண். விறைப்பு கூடினால் அது ஏறும், நிறை கூடினால் இறங்கும். ஆறு அங்குலத் தளத்தின் மேல் பிடிப்பில்லாமல் நாலு அங்குலம் கொட்டிப் பாருங்கள். நிறை மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது. விறைப்போ மூன்றில் ஒரு பங்குகூடக் கூடுவதில்லை. 28 ஹெர்ட்ஸில் இருந்த தளம் 25-க்கு இறங்கிவிடும். நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும் ஜெனரேட்டர் நொடிக்கு உலுக்குவதும் சரியாக 25 முறை! ஒத்ததிர்வைச் செலவு செய்து வரவழைத்திருக்கிறீர்கள்.

இந்தச் சிக்கல் பாலங்களையும் விடுவதில்லை. லண்டன் மில்லினியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. கூட்டம் நடந்ததும் பக்கவாட்டில் ஆடியது. இரண்டே நாளில் மூடினார்கள். நடப்பவர் இடமும் வலமும் மாறி மாறித் தரும் தள்ளல் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று. பாலத்தின் பக்கவாட்டு அதிர்வெண்களும் அந்தப் பக்கமே இருந்தன. பாலம் ஆட ஆட, மக்கள் தடுமாறாமலிருக்கத் தங்கள் நடையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு ஆட்டத்தை வளர்த்தார்கள். சோதனையில் 150 பேர் நடந்தும் அசையாத பகுதி, இன்னும் சிலர் ஏறியதும் ஆடத் தொடங்கியது. விறைப்பைக் கூட்டித் தப்பலாமென்றால், பாலத்தின் அரை ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒன்றரையாக்க விறைப்பு ஒன்பது மடங்கு வேண்டும். அந்த மெல்லிய பாலத்தின் உருவமே போய்விடும். பாலத்தை வடிவமைத்த அரூப் நிறுவனப் பொறியாளர்கள் அளந்து பார்த்து, ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சும் தணிப்பான்களைப் பொருத்தினார்கள். 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் திறந்தது.

“டகோமா பாலம் ஒத்ததிர்வால் விழுந்தது” என்பதும் பாதி உண்மைதான். 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் அந்தப் பாலம் முறுக்கிக்கொண்டபோது, அந்த முறுக்கமே காற்றிலிருந்து மேலும் மேலும் ஆற்றலை இழுத்தது. பக்கங்களை அடைத்த தகட்டு உத்திரங்கள் அதற்குத் தோதாக இருந்தன. 1950-இல் கட்டிய மாற்றுப் பாலத்துக்குக் காற்று ஊடுருவும் சட்டகம் வைத்தார்கள்.

மீண்டும் ஜெனரேட்டருக்கு வருவோம். “அடியில் ரப்பர் பேட் வைத்தால் போதும்.” எந்த ரப்பர்? கெட்டியான பேட் பயன்படாது. 25 ஹெர்ட்ஸ் இயந்திரத்துக்கு, பேட்டின் மேல் அது ஆடும் அதிர்வெண் 17-க்கும் கீழே இருந்தால்தான் அதிர்வு குறையத் தொடங்கும். அதற்கு மேலே போனால் பெருகும்.

வடிவமைக்கும்போதே இயந்திரத்தைத் தூணுக்கருகே நகர்த்துங்கள். நடுவே ஓர் உத்திரம் கொடுத்துத் தாங்கல் இடைவெளியைப் பாதியாக்கினால் அதிர்வெண் ஏறத்தாழ நாலு மடங்காகும். நான் வருடக்கணக்காகக் கேட்பது இன்னொன்றும் உண்டு: கட்டட வரைபடத்தில் தளம் தாங்கும் சுமையை எழுதுகிறீர்களே, அதன் பக்கத்திலேயே இயல்பு அதிர்வெண்ணையும் எழுதுங்கள். கட்டி முடித்த தளமா? நடுவில் கைப்பேசியை வைத்து, அதிர்வை அளக்கும் செயலியைத் திறந்து, குதிகாலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுங்கள். ஜெனரேட்டரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.