கன்றின் உயரத்தை விடுங்கள், வேரைக் கழுவிப் பாருங்கள்

நர்சரிக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது உயரம்தான். இரண்டரை அடிக் கன்றும் ஒன்றரை அடிக் கன்றும் ஒரே விலை என்றால் யாரும் நெட்டையைத்தான் எடுப்பார்கள். காய்கறி நாற்றில் ஏமாந்தால் ஒரு பருவத்தோடு தீர்ந்துவிடும். வேங்கையிலும் தோதகத்தியிலும் ஏமாந்தது தெரியவருவதற்குள் பத்து வருடம் ஓடியிருக்கும். அதனால் தோப்பு முழுவதற்கும் கன்று வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் கன்றுகளைப் பலி கொடுத்துச் சோதிக்க வேண்டும். பிறகு கொஞ்சம் நிலத்தையும் சோதனைக்கு ஒதுக்க வேண்டும்.

எந்த மரம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வோம். மகோகனி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. சில்வர் ஓக்கும் தைலமரமும் ஆஸ்திரேலியா. நம் காடுகளிலேயே வளர்ந்து நல்ல விலைக்குப் போகிற மரங்கள் வேங்கை, தோதகத்தி என்கிற ஈட்டி, தேக்கு, குமிழ், மஞ்சக்கடம்பு, மலைவேம்பு, நீர்மருது, செம்மரம், சந்தனம். இவற்றில் உங்கள் மண் ஏற்பது எது என்று பார்க்க, நிலத்தில் மூன்று இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுங்கள். ஊற்றிய தண்ணீர் மறுநாளும் தேங்கி நின்றால் செம்மரத்தையும் மலைவேம்பையும் மறந்துவிடலாம். ஓடைக்கரை மரமான நீர்மருது அங்கே நிற்கும். செம்மரத்தின் சொந்த ஊர் கடப்பை, சித்தூர் பக்கத்துக் கல்மலைகள். சரளை மண்ணும் நல்ல வடிகாலும்தான் அதற்குப் பிடித்தவை. குழியில் அரை மீட்டருக்குள் பாறை தட்டினால் தேக்கு நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உயிரோடு இருக்கும், மரமாக ஆகாது.

அடுத்து விதையின் பிறப்பிடம். நர்சரிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியதல்ல, “விதை எங்கே எடுத்தீங்க, எத்தனை மரத்துல?” என்பதுதான். சாலையோரம் தனியாக நிற்கும் ஒரே மரத்தில் அள்ளிய விதையென்றால் தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்ட விதைகள் நிறைய இருக்கலாம்; கன்றுகள் வளர வளரச் சோடை தட்டும். குறைந்தது இருபது தாய்மரங்கள், ஒன்றுக்கொன்று நூறு மீட்டராவது தள்ளி நிற்பவை, தண்டு நேராகவும் நோயில்லாமலும் இருப்பவை என்றால் நல்லது. உங்கள் ஊரைப் போன்ற மழையும் உயரமும் உள்ள காட்டிலிருந்து வந்திருந்தால் இன்னும் நல்லது. கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி போன்ற இடங்களில் விதை மூலம் பற்றி விசாரிக்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத நர்சரியில் கன்று எவ்வளவு பசுமையாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

நீங்களே விதை போடுவதானால் ஒரு சின்னச் சோதனை போதும். கைப்பிடி விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பருப்பு வெளுப்பாக, கெட்டியாக, நிறைந்து இருந்தால் சரி. சுருங்கியோ பழுப்பாகவோ இருந்தால் முளைக்காது. தேக்கு விதையின் ஓடு கடினமானது. இரவு ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, இப்படி ஒரு வாரம் மாற்றி மாற்றிச் செய்த பிறகே முளைப்புச் சதவீதம் பார்க்க வேண்டும். மஞ்சக்கடம்பு விதை பொடி மாதிரி இருக்கும். பூவாளி வைத்துத் தண்ணீர் ஊற்றினாலே அடித்துக்கொண்டு போய்விடும். தெளிப்பான்தான் சரி.

இனி கன்று. சோதனைக்கு எடுக்கும்போது வரப்போரம் நிற்கிற கன்றுகளை மட்டும் எடுக்கக் கூடாது. அவற்றுக்கு வெளிச்சம் அதிகம், கொழுத்திருக்கும். பாத்தியின் நடுவிலும் ஓரத்திலும் நிழலிலும் என்று கலந்து, ஆயிரம் கன்றுக்கு இருபது வீதம் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். நர்சரிக்காரர் தானே எடுத்துக் கொடுக்க முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு கன்றிலும் இரண்டு அளவு தேவை. மண் மட்டத்தில் தண்டும் வேரும் சேரும் இடத்தைக் கழுத்து என்பார்கள். அங்கிருந்து நுனிக்குருத்து வரை உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுங்கள். அதே கழுத்தின் தடிமனை வெர்னியர் காலிப்பரால் மில்லிமீட்டரில் எடுங்கள். உயரத்தைத் தடிமனால் வகுங்கள். 45 செ.மீ. உயரம், 9 மி.மீ. தடிமன் என்றால் கிடைப்பது 5. திடமான கன்று. 75 செ.மீ. உயரம், 6 மி.மீ. தடிமன் என்றால் 12.5. நெருக்கத்திலும் நிழலிலும் யூரியாவிலும் இழுத்துவிட்ட கன்று அது. முதல் காற்றில் சாயும், முதல் கோடையில் வாடும். விடை 6-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நாற்றங்கால்காரர்களின் பொது அளவுகோல். தேக்கில் தண்டை வெட்டி வேர்க்குச்சியாக நடும் வழக்கம் உண்டு. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது, கழுத்துத் தடிமனை மட்டும் பாருங்கள்.

வேரைப் பார்க்கப் பையைக் கிழிக்க வேண்டும். நர்சரிக்காரருக்கு மனசு கேட்காது. அந்தக் கன்றுகளுக்கும் காசு கொடுத்துவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் மண்கட்டியை ஊறவிட்டு, உதறாமல், தானாகக் கரையவிடுங்கள். ஆணிவேர் நேரே இறங்கியிருக்கிறதா, பையின் அடியில் முட்டித் தூண்டில் முள் மாதிரி வளைந்து மேலே திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். பையைச் சுற்றிச் சுருண்ட வேர் நிலத்துக்குப் போனாலும் சுருண்டபடியே தடிக்கும்; மரம் பெருத்த பிறகு தன் வேரே தன்னை இறுக்கும். பையின் ஓட்டை வழியாக ஆணிவேர் தரைக்குள் போய், தூக்கும்போது அறுந்திருந்தால் அதையும் கழித்துவிடுங்கள். இருபதில் நான்கு கன்றுக்கு மேல் இப்படி இருந்தால் அந்தத் தொகுதியே எனக்கு வேண்டாம். குழித்தட்டில், ரூட் ட்ரெய்னரில் வளர்த்தவற்றில் வேர் சுருளுவது குறைவு. ஆனால் மண் கொஞ்சம்தான் இருக்கும், நட்ட பிறகு தண்ணீர் தவறக் கூடாது.

வேங்கையும் தோதகத்தியும் பயறு வகைக் குடும்பம். நுண்வேர்களில் சிறு முடிச்சுகள் இருக்க வேண்டும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் வேலை நடக்கிறது. முடிச்சே இல்லையென்றால் கழிக்க வேண்டியதில்லை, நடும்போது ரைசோபியம் கலந்த மண்புழு உரம் கொடுக்கலாம். சந்தனத்தின் கதை வேறு. அது பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டிச் சாறு வாங்கும் மரம். பையில் துவரை போன்ற துணைச்செடி இல்லாமல் வெளிறி நிற்கும் சந்தனக் கன்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பொறுமை உள்ளவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. கழுவிய கன்றுகளில் பத்தை எடுத்து வெள்ளை வேர்நுனிகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் நட்டு, நிழலில் மூன்று வாரம் வையுங்கள். மறுபடி கழுவி, புதிதாக வந்த வெள்ளை வேர்களை எண்ணுங்கள். இலை பளபளவென்று இருந்தும் புதுவேர் விடாத கன்று, நிலத்தில் ஐப்பசி மழை நின்றதும் போய்விடும். நடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே நிழல்வலையை எடுத்து, தண்ணீரைக் குறைத்துப் பழக்கிய கன்றுகளா என்றும் கேளுங்கள்.

இதெல்லாம் தேறிய கன்றுகளுக்கு உண்மையான பரீட்சை உங்கள் நிலத்தில்தான். நான்கு வகை மரங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகைக்கும் ஐந்துக்கு ஐந்து, 25 கன்றுகள் கொண்ட கட்டம். இடைவெளி 3 மீட்டர். நான்கு கட்டமும் சேர்ந்தது ஒரு தொகுதி. அப்படி மூன்று தொகுதி. மொத்தம் 300 கன்று, சுமார் 67 சென்ட் நிலம். ஒவ்வொரு தொகுதியும் ஒரே மண், ஒரே மட்டத்தில் இருக்கட்டும். சரிவு நிலமென்றால் மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. தொகுதிக்குள் எந்தக் கட்டத்தில் எந்த மரம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுங்கள். கிணற்றுப் பக்கத்து நல்ல மண்ணை விருப்பமான மரத்துக்குக் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சீட்டு அதைத் தடுக்கும். ஓரம் சுற்றி நிற்கும் 16 கன்றுகள் அயல் மரத்தின் நிழலையும் வேரையும் சந்திப்பவை. அளக்க வேண்டியது உள்ளே நிற்கும் 9 மட்டுமே. குழி, உரம், தண்ணீர், களையெடுப்பு எல்லாம் எல்லாக் கட்டத்துக்கும் ஒன்றே. ஆடு மாடு புகாத வேலி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மழைக்குப் பிறகு தை மாதத்தில் ஒரு முறை, கோடை முடிந்து ஒரு முறை, அடுத்த ஐப்பசியில் ஒரு முறை கணக்கெடுங்கள். நோட்டில் கட்ட எண், கன்று எண், உயிர், உயரம், அடித்தடிமன், பூச்சி என்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். செத்த இடத்தில் மறுநடவு செய்தால் தனிக்குறி போடுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: வேங்கைக் கன்று கோடையில் மேல்தண்டு காய்ந்து செத்ததுபோல் நிற்பதுண்டு, அடியில் நகத்தால் கீறிப் பச்சை தெரிந்தால் மழையில் துளிர்க்கும். ஆகவே வேங்கையின் சாவுக் கணக்கை மழைக்குப் பிறகே எழுதுங்கள்.

முதல் வருட முடிவை வைத்துத் தீர்ப்பு எழுதவும் வேண்டாம். மலைவேம்பு ஓட்டமாக ஓடும், தோதகத்தி தரையோடு தரையாக நிற்கும். அப்போது பார்க்க வேண்டியது எத்தனை பிழைத்தன என்பதே. மூன்றாம் வருடத்திலிருந்து தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுங்கள். மூன்று தொகுதியிலும் ஒரே மரம் முன்னால் நின்றால் துணிந்து பரப்பலாம். பள்ளத்தில் மட்டும் முன்னால் நின்றால் அதைப் பள்ளத்துக்கு மட்டும் வாங்குங்கள். சந்தனம், செம்மரம், தோதகத்தி தேறியிருந்தால் பெரிய நடவுக்கு முன் வெட்டு அனுமதி விதிகளை வனத்துறையில் கேட்டுக்கொண்டு, நட்டதும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் ஏற்றிவிடுங்கள்.