தரவுத்தளத்திற்கு ஊர் தேடல்: ஃபீனிக்ஸ் பேயிலிருந்து ஒரு கணக்கு

அந்தமானின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தில், நாம் நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று அழைத்துவந்த ஊரில், ஃபீனிக்ஸ் பே படகுத்துறை உள்ளது. ஸ்வராஜ் தீவுக்கும் ஷாகீத் தீவுக்கும் செல்லும் அரசுப் படகுகள் இங்கிருந்தே புறப்படுகின்றன. துறையைச் சுற்றிலும் விடுதிகள், பயண முகவர் நிலையங்கள், சரக்குக் கடைகள். இத்தகைய நிறுவனம் ஒன்று தன் முன்பதிவுப் பேரேட்டை மேகக் கணிமைக்கு மாற்ற விரும்புவதாகக் கொள்வோம்.

மேகம் என்னும் சொல் நம்மைச் சற்றே ஏமாற்றிவிடுகிறது. பேரேடு வானில் மிதப்பதில்லை; ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், மின்சாரம் உண்ணும் ஓர் இயந்திரத்தில் இருக்கிறது. கணக்குத் தொடங்கும்போதே ‘எந்த இடம்?’ என்று சேவை நிறுவனம் கேட்கிறது. பலர் பட்டியலில் கண்ணில் பட்ட இடத்தைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகின்றனர். ஆனால் கூகுளின் ஃபயர்ஸ்டோர் போன்ற தரவுத்தளங்களில், ஒருமுறை தேர்ந்த இடத்தைப் பின்னர் மாற்ற இயலாது. புதிய தரவுத்தளம் தொடங்கி, பழைய பதிவுகள் அனைத்தையும் அங்கே பெயர்க்க வேண்டும். வணிகம் வளர்ந்தபின் அது எளிய வேலையன்று.

நிலப்படத்தைப் பார்த்தால் சிங்கப்பூர் நல்ல தேர்வாகத் தோன்றும். ஃபீனிக்ஸ் பேயிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். மும்பையோ அதைவிடத் தொலைவு. எனினும் தரவு நிலப்படத்தின் வழியே செல்வதில்லை, கம்பிவடத்தின் வழியே செல்கிறது. 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கடலடி ஒளியிழை வடம், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்தில், தீவுகளைச் சென்னையோடு இணைக்கிறது. ஆகவே அந்த வடத்தில் ஏறும் கோரிக்கை முதலில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள வேறொரு வடத்தில் ஏறித்தான் சிங்கப்பூர் சேரும்; பக்கத்துத் தீவுக்குப் போக, சென்னை சென்று கப்பல் மாறுவது போல.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒளியிழையில் ஒளி ஒரு மில்லிநொடிக்கு, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். ஃபீனிக்ஸ் பேயிலிருந்து சென்னை நேர்கோட்டில் 1,350 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்வர 14 மில்லிநொடி. மும்பைக்குச் சென்னை வழியாகப் போய்வர 24. சிங்கப்பூருக்கு 46. அமெரிக்காவின் ஐயோவா மாநிலம் நேர்கோட்டிலேயே 14,000 கிலோமீட்டர், போய்வர 140. இவை இயற்கை விதித்த குறைந்தபட்ச அளவுகள். வடங்கள் வளைந்து செல்வதாலும் இடையில் கருவிகள் பல இருப்பதாலும் உண்மையில் ஆகும் நேரம் இவற்றைவிடக் கூடுதலே. வடம் வருமுன் தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்கி, விடையும் அவ்வாறே திரும்புவதற்குள் அரை நொடி கழிந்துவிடும்.

கண் இமைக்கும் நேரத்திற்கும் குறைவான இந்த வேறுபாடு ஏன் பொருட்படுத்தத்தக்கது? ஒரு முன்பதிவுப் பக்கம் தரவுத்தளத்தை ஒரே முறை கேட்பதில்லை. காலி இருக்கை எத்தனை, கட்டணம் எவ்வளவு, பயணி பழையவரா என ஒன்றன்பின் ஒன்றாக 30 கேள்விகள் கேட்கக்கூடும். கடையிலுள்ள கணினி அவற்றை நேரே ஐயோவாவிடம் கேட்டால், 4 நொடிக்கு மேல் வாடிக்கையாளர் காத்திருப்பார். மும்பையிடம் கேட்டால் முக்கால் நொடி. இதைவிட நல்ல வழியும் உண்டு: கேள்வி கேட்கும் செயலியைத் தரவுத்தளம் இருக்கும் ஊரிலேயே வைத்துவிடுங்கள். முப்பது கேள்விகளும் அங்கேயே முடிந்து, விடை மட்டும் ஒருமுறை கடல் கடக்கும். ஊரைத் தேர்வதில் கிட்டும் பயனைவிட இந்த ஒரு செயலின் பயன் பெரிது என்பேன்.

சட்டத்தையும் கருத வேண்டும். பணப் பரிமாற்றத் தரவு முழுவதும் இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று ஆணையிட்டது. இது வங்கிகளையும் பணப்பரிமாற்ற நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவது. விடுதிக்காரரை நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனால் 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைத் தம்மிடம் சேமித்து வைக்கக் கூடாது. ஆகவே அது உங்கள் தரவுத்தளத்தில், அது எந்த ஊரில் இருந்தாலும், இடம்பெறலாகாது. விடுதிகளிடம் அயல்நாட்டவரின் கடவுச்சீட்டு விவரங்களும் சேர்கின்றன. குறிப்பிட்ட நாடுகளுக்குத் தனிநபர் தரவு செல்வதைத் தடுக்கும் அதிகாரத்தை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மைய அரசுக்கு அளிக்கிறது. இந்தியாவுக்குள் வைத்துவிட்டால் இக்கவலை எழாது.

அங்ஙனமாயின் மிக அருகிலுள்ள சென்னையையே தேரலாமே என்று தோன்றும். மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையில் தரவு மையம் உண்டு. இங்கேதான் 2004 டிசம்பர் 26ஐ நினைவுகூர வேண்டும். அன்று தீவுகளைத் தாக்கிய அதே ஆழிப்பேரலை, சில மணி நேரத்தில் சென்னைக் கரையையும் தாக்கியது. கடையும் தரவுத்தளமும் அதன் படியும் ஒரே கடலின் கரைகளில் இருப்பது விவேகமன்று. ஒரே நகரின் இரு கட்டடங்களில் படி வைப்பது மின்தடையிலிருந்து காக்கும். 2015 டிசம்பரில் சென்னை கண்டதைப் போன்ற வெள்ளத்திலிருந்து காப்பது உறுதியன்று. சென்னையைத் தேர்ந்தால் படி புணேயில் இருக்கட்டும். அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும், கூகுளுக்கு மும்பையிலும் தில்லியிலும் மையங்கள் உள்ளன. 10 மில்லிநொடி மிச்சப்படுவதைவிட, மும்பையில் மூலமும் ஐதராபாத்திலோ தில்லியிலோ படியும் இருப்பதையே நான் விரும்புவேன்.

இரு ஊர்களிலும் ஒரே நேரத்தில் எழுத அனுமதிப்பது மட்டும் வேண்டாம். படகில் கடைசி இருக்கை ஒன்று எஞ்சியிருக்கையில், ஃபீனிக்ஸ் பே முகவர் ஒரு படியிலும் சென்னை முகவர் மற்றொரு படியிலும் விற்றுவிட்டால், துறையில் இரு பயணிகள் ஒரே சீட்டுடன் நிற்பர். எழுதுவது ஓரிடம், மற்றது அதைப் பின்தொடரும் படி. பின்தொடர்வதில் சில நொடிகள் தாமதம் இருந்தால், மூலம் அழியும் வேளையில் அந்தச் சில நொடிகளின் பதிவுகள் இழக்கப்படலாம். அதைத் தாங்க முடியுமா என்பதை உரிமையாளரே முடிவு செய்ய வேண்டும். மென்பொருள் எழுதுபவரிடம் விட்டுவிடுவதற்குரியதன்று.

எந்த ஊரைத் தேர்ந்தாலும், வடம் அறுந்தால் தீவிலிருந்து அது எட்டாமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு படகும் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பயணிகள் பட்டியலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.